பார்டர் ஏறிவிட்டது, எல்லாருக்கும் நன்றி

துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த என் குயில்ட் போர்வை உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யாருக்கு, ஏன் அத்தனை அவசரம் என்ற கதைக்குள் போகமாட்டேன். ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வடிகஞ்சியைக் கொட்டாமல் எடுத்து வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு மாமி (கஞ்சி ஏறாத பழைய சுங்குடியை மூலைவாட்டில் சாய்வாக வெட்டினால் ரப்பர் மாதிரி இழுபடும்), துண்டு போதாதபோது தன் சேலைத் தலைப்பையே வெட்டிக்கொள்ளச் சொன்ன நாத்தனார், நடுராத்திரியிலும் வாய்ஸ் நோட் அனுப்பித் தைரியம் சொன்ன தோழிகள், வாய் திறக்காமல் ரசம் சாதத்திலேயே காலம் தள்ளிய வீட்டுக்காரர், எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

ஆனால் இந்த மடல் முக்கியமாக எங்கள் தெருமுனை டெய்லர் அண்ணனுக்கு. "பேரெல்லாம் போடாதீங்கக்கா" என்றுவிட்டார்.

குயில்ட்டின் நடுத்துணியைச் சுற்றி, ரம்பத்தின் பல் மாதிரி முக்கோணங்கள் வரிசையாக வரும் கரைதான் ரம்பப்பல் பார்டர். அதன் தொல்லை தைத்தவர்களுக்குத்தான் தெரியும். 60 இஞ்ச் பக்கத்துக்கு, முக்கோணங்கள் சேர்ந்த 2 இஞ்ச் சதுரம் 30, நடுவே 29 தையல். ஒவ்வொரு தையலிலும் ஓரத்தைக் கால் நூல் (எட்டு நூல் ஓர் இஞ்ச்) குறைத்துப் பிடித்தால் இரண்டு துண்டிலும் சேர்த்து அரை நூல் கூடும். கடைசிச் சதுரத்துக்கு வருவதற்குள் ஒண்ணே முக்கால் இஞ்சைத் தாண்டிவிடும். என் பார்டர் நடுத்துணியைவிட அரை இஞ்ச்தான் நீண்டிருந்தது. அதையும் வெட்டிவிட முடியாது, மூலையில் பல் மொட்டையாகிவிடும்.

தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கப் போன இடத்தில், "என்னக்கா, முகமே சரியில்ல?" என்று கேட்டார். முகூர்த்த சீசன், கடை முழுக்கப் பிளவுஸ் மூட்டை. இருந்தும் மெஷினை நிறுத்திவிட்டு, பையிலிருந்த பார்டரையும் நடுத்துணியையும் வாங்கிப் பார்த்தார்.

"அரை இஞ்ச்னா நாலு நூல். நடுத்துணி ஓரத்தை நாலா மடிச்சுக் குறி வைங்க, பார்டரையும் அப்படியே. ஒரு பாகத்துக்கு ஒரு நூல்தானே வருது? பிளவுஸ் கைக்கு இதைவிட அதிகமா விட்டுத்தான் ஏத்துறோம்."

குறிகளைச் சேர்த்துக் குண்டூசி குத்தினார். பார்டரின் உள்பக்கம் மேலே தெரிய வைத்து, முக்கோணங்களின் தையல் வந்து சேரும் இடங்களைத் தொட்டபடியே சிவப்பு நூலால் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டார். பிறகு அப்படியே திருப்பி, பார்டரை அடியில் விட்டு, சிவப்புக் கோட்டை ஒட்டி மெஷினை ஓட்டினார். "பெருசு எப்பவும் அடியில. மெஷின் பல்லு அதைத் தானா உள்ள தள்ளிக்கும். நீங்க இழுக்காதீங்க, வழி மட்டும் காட்டுங்க."

ஒரு பக்கம் அவர் தைத்தார். மிச்சம் மூன்றையும் என்னையே உட்காரவைத்துத் தைக்கச் சொன்னார். சுருக்கம் இல்லை, ஒரு முனைகூட மழுங்கவில்லை. எத்தனை வீடியோ பார்த்தேன்! பெரிய மேஜை, விலையுயர்ந்த மெஷின், ஏதோ புது வித்தை போல விளக்கம். நம் தெருவில் தினமும் பிளவுஸ் கை ஏற்றுகிறவர்களிடம் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

காசு வாங்கவில்லை. கேள்வி ஒன்றுதான் கேட்டார்: "நல்ல துணியை இத்தனை சின்னதா வெட்டி, திரும்ப ஏன்க்கா ஒட்டுறீங்க?" இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். தீபாவளி நெருக்கத்தில் அவர் கடை வாசலில் நின்று "அண்ணா, இன்னும் ஆகலையா?" என்று கேட்க மாட்டேன். கேட்டால் இந்த மடலை எடுத்து என்னிடமே காட்டுங்கள்.