டிவி சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மாவடு ஊறிவிட்டது, அத்தை வரும்போது கொடுத்தனுப்புகிறேன். மூன்று ஞாயிறாக உன்னிடமிருந்து போன் இல்லை. புரமோஷன் வந்ததைக்கூட அத்தைதான் சொன்னாள். தெருவில் எல்லாரிடமும் சொல்லிப் பூரித்துப்போனேன். என்னிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சின்னவனை டிவி முன்னால் உட்காரவைக்காதே. லீவுக்கு இங்கே இருந்தபோது, கரடி பொம்மையின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு "வாயைத் திறந்தே பாரு" என்றான். அப்புறம் அதையே மடியில் போட்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கொடுத்தான். நாலு வயது அவனுக்கு. எங்கேடா பார்த்தாய் என்றேன். "டிவில" என்றான், சொல்லிக்கொடுத்த மாதிரி.

டிவியாகத்தான் இருக்கும். சீரியலில் கன்னத்தில் விழும் ஒரு அறையை மூன்று தடவை திருப்பிக் காட்டுகிறார்கள். அந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. அதனால் டிவியை அணைத்து வை.

பி.எட்.டில் பண்டூரா என்ற உளவியலாளரின் சோதனை பாடமாக இருந்தது. 1961இல், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், பிறகு அதேபோல அடித்தார்கள். 1963இல் அதைப் படமாகவும் காட்டிப் பார்த்தார்கள். படத்தில் பார்த்தவர்களும் நேரில் பார்த்தவர்களைப் போலவே அடித்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். பொம்மையை அடிக்கும் பிள்ளையைப் பார்த்து, அது எங்கே பார்த்தது என்று சொல்லிவிட முடியாது. சின்னவன் போனதிலிருந்து இதேதான் மனசில் ஓடுகிறது.

உனக்கு ஆறு வயது. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் உன்னை டிவி முன்னால் உட்காரவைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டுச் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். உனக்குக் கேட்காது என்று நினைத்தேன். ஒருநாள் கதவைத் திறந்தபோது டிவி அலறிக்கொண்டிருந்தது. நீ அதற்கு முதுகைக் காட்டி, கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். "டிவியைப் பாரு" என்று அதட்டினேன். அன்றைக்கே உன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். பயந்துகொண்டு இருந்துவிட்டேன்.

முன் அறையில் உன் கட்டில் அப்படியே இருக்கிறது. சின்னவனும் நீயும் தாராளமாகப் படுக்கலாம். எந்த நேரமானாலும் போன் பண்ணு, நான் எடுப்பேன்.

அம்மா