உப்புத்தண்ணி பம்பு: பழையாற்றில் இருக்கும் மகனுக்கு

தம்பி,

படகு ஸ்லோவில் ஓடும்போது இன்ஜின் சூட்டு முள் அசையாமல் நிற்கிறது, முகத்துவாரம் தாண்டி வேகம் கொடுத்தால் அரை மணியில் ஏறிவிடுகிறது என்று நேற்று சொன்னாய். மீதி காற்றில் காதில் விழவில்லை. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். இதை இன்ஜின் ரூமில் வைத்துக்கொள், டீசல் படாத இடமாக.

அங்கே யாராவது, இன்ஜின் சூட்டைப் பார்த்துத் தண்ணியைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள். கேட்காதே. அது இல்லாமல் ஓட்டினால் ஸ்லோவில் இன்ஜின் சூடேறாது, டீசல் முழுசாக எரியாது, உண்மையான கோளாறும் மறைந்துபோகும். ஸ்லோவில் சரியாக இருந்து வேகத்தில் சூடேறினால், பெரும்பாலும் இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்தண்ணி வருகிறது, ஆனால் போதவில்லை என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்த உடனே ஏறினால்தான் பம்பு மொத்தமாகப் போயிருக்கும், அல்லது படகின் அடியில் கடல்தண்ணி உள்ளே வரும் வால்வைத் திறக்க மறந்திருப்பாய்.

பம்பில் கை வைக்குமுன் கீழேயிருந்து வா. இது கார்த்திகை. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் ஆகாயத்தாமரையும் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் முகத்துவாரத்துக்குத்தான் வந்து சேரும். அடிவால்வை மூடி, சல்லடையைத் திறந்து பார். தாமரை வேர் முடி மாதிரி கம்பியில் சுற்றிக்கொள்ளும், மேலே தண்ணீர் ஊற்றினால் போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். சல்லடை மூடியின் ரப்பர் வளையத்தையும் விரலால் தடவிப் பார். காய்ந்து வெடித்திருந்தால் அந்த வழியாகக் காற்று இழுக்கும். தண்ணி வெளியே ஒழுகாது, ஆனால் பம்பு நுரையை இழுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, பம்புக்குள் வரும் ஓஸைக் கழற்றி, நுனியைக் கடல்மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி ஒரு வாளிக்குள் பிடி. வால்வுப் பக்கம் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத் திறக்கச் சொல். தண்ணி பீறிட்டு வர வேண்டும். நூல் மாதிரி வந்தால் கோளாறு பம்புக்குக் கீழே, அடிக்கிரில்லில் ஒட்டுச்சிப்பி பிடித்திருக்கும். நன்றாக வந்தால் ஓஸைப் பிதுக்கிப் பார். உள்ளே கம்பி இல்லாத சாதா ஓஸ் வேகத்தில் உறிஞ்சும்போது சப்பிக்கொள்ளும், இன்ஜினை நிறுத்தினால் பழையபடி நிமிர்ந்துவிடும். இதனால்தான் பலர் கரையில் பார்த்துவிட்டு “எல்லாம் சரியாகத்தான் இருக்கு” என்பார்கள். ஒருவர் வேகம் கொடுக்க, ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெல்ட்டில் ஓடும் பம்பாக இருந்தால் கட்டைவிரலால் நடுவில் அழுத்து, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கலாம், அதற்கு மேல் இறங்கினால் வழுக்குகிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பம்பு. வால்வை மூடு, மூடியின் போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போடு. உள்ளே சுற்றும் ரப்பர் றெக்கைச் சக்கரமான இம்பெல்லரை எடுக்க இரண்டு மழுங்கிய ஸ்குரூடிரைவர் போதும், விளிம்பில் துணி வைத்து நெம்பு. அந்தப் பித்தளை உதட்டில் கீறல் விழுந்தால் மூடிக்கு அடியில் வைக்கும் பாக்கிங் உட்காராது. இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சாவித்துண்டு இருந்தால், அது படகின் அடியில் தேங்கும் தண்ணியில் விழாமல் முதலில் கையில் எடுத்துக்கொள்.

இனி றெக்கைகளை எண்ணு. அடிவேரில் வெடிப்பு இருக்கிறதா, நுனி தேய்ந்து சப்பையாகிவிட்டதா, ஒரு பக்கமே வளைந்து நிமிராமல் நிற்கிறதா என்று பார். எல்லாம் முழுசாக இருந்தாலும் நம்பிவிடாதே. நடுவிலுள்ள பித்தளைக் குழலும் ரப்பரும் ஒட்டிய இடம் விட்டுப்போயிருக்கலாம். ரப்பரிலிருந்து குழல் வரை ஒரு கோடு போட்டு, குழலைப் பிடித்துக்கொண்டு ரப்பரை முறுக்கு. கோடு விலகினால், தண்டு சுற்றும், இம்பெல்லர் சும்மா நிற்கும். கண்ணுக்குப் புதுசு மாதிரி இருக்கும் இம்பெல்லர்தான் ஆளை அதிகம் ஏமாற்றும்.

ஒரு றெக்கை குறைந்தாலும் அந்தத் துண்டு கிடைக்காமல் மூடாதே. அது பம்பு தாண்டி ஓஸ் வழியாக, கடல்தண்ணி இன்ஜின் சூட்டை ஆற்றும் கூலரின் வாயில் போய் நிற்கும். கூலர் மூடியைத் திறந்தால் மெல்லிய குழாய்களின் முகத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார், முழுச் சக்கரம் வர வேண்டும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாத போட்டுகளில் பாதிக்கு இந்தத் துண்டுகள்தான் காரணம் என்பேன்.

மூடித்தட்டின் உள்பக்கத்தை நகத்தால் வருடு. வண்டலோடு வரும் மணல் வட்டமாகப் பள்ளம் தோண்டியிருக்கும். நகம் மாட்டினால் உறிஞ்சும் சக்தி போய்விட்டது என்று வைத்துக்கொள். எழுத்து, மேடு எதுவும் இல்லாத தட்டு என்றால் திருப்பிப் போடலாம். இல்லாவிட்டால் கண்ணாடி மேல் 400 நம்பர் தண்ணித்தாளை வைத்துச் சமமாகத் தேய். உள்ளே றெக்கையை மடக்கும் அந்த வளைவுத்துண்டு தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பம்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதில் உப்புத்தண்ணி சொட்டினால் தண்ணி சீல் போய்விட்டது, ஆயில் சொட்டினால் ஆயில் சீல். எம்-சீல் வைத்து அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைவிட மடத்தனம் இல்லை. அடைத்தால் தண்ணி பேரிங்குக்குப் போகும். கியரில் ஓடும் பம்பாக இருந்தால் இன்ஜின் ஆயிலுக்கே போய், ஆயில் பால் டீ நிறமாகும். தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார், ஆடினால் பேரிங்கையும் சேர்த்து மாற்று, இல்லாவிட்டால் புது சீல் நிற்காது.

புது இம்பெல்லருக்கு மருந்துக்கடை கிளிசரின் தடவு, அது இல்லையென்றால் சோப்புத்தண்ணி. கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பும். றெக்கைகளைச் சுற்றி ஒரு கேபிள் டையை இறுக்கி, பம்பு சுற்றும் பக்கமாக முறுக்கிக்கொண்டே தள்ளு. பாதி உள்ளே போனதும் டையை வெட்டி எடுத்துவிடு. றெக்கை நுனிகள் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். பாக்கிங் பழையதன் தடிமனிலேயே இருக்கட்டும். காலண்டர் அட்டையை வெட்டிப் போட்டால் இடைவெளி கூடி இழுக்காது, மெல்லிசாகப் போனால் றெக்கை தட்டில் உரசும். போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. பித்தளையில் மரை சீக்கிரம் போய்விடும்.

வால்வைத் திற. இது மறக்காமல் இருக்கத்தான், வால்வை மூடும்போதே ஸ்டார்ட் சாவியில் ஒரு சிவப்புத் துணி கட்டி வை. தண்ணி இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடினாலே புது இம்பெல்லர் கருகிவிடும். ஸ்டார்ட் செய்து அரை நிமிஷத்துக்குள் வெளிக்குழாயில் தண்ணி விழவில்லை என்றால் நிறுத்து. ஒரு விஷயம்: ஸ்டார்ட் ஆகாமல் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் மட்டும் வால்வை மூடிக்கொள், இல்லையென்றால் பம்பு தள்ளும் தண்ணி சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்குத் திரும்பும். இன்ஜின் பற்றியவுடன் வால்வைத் திறந்துவிட வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அந்த 61 நாளும் இம்பெல்லரைப் பம்பிலேயே விட்டால் றெக்கை வளைந்தபடியே நின்றுவிடும். கழற்றி வை, கடலுக்கு இறங்கும்போது புதுசு போடு, பழசு ஸ்பேராக இருக்கட்டும்.

இரண்டு இம்பெல்லர், ஒரு செட் சீல், நான்கு பாக்கிங் சீர்காழி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். உன் பம்பின் நம்பர் மூடியின் மேலேயே அடித்திருக்கும், போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. கூலரைத் திறந்ததும் எத்தனை துண்டு கிடைத்தது என்று சொல்.

அப்பா