இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னவர்களுக்கு

வணக்கம். பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய்க்கு வார்டில் சேராமல் ஓ.பி.க்கு வந்துபோயே மருந்து எடுப்பவர்களும் எங்கள் வீட்டாரும் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது.

முதலில் செவிலியர்களுக்கு. சீட்டில் ‘இரவு எனிமா 1’ (ஆசனவாய் வழியே ஏற்றும் திரவ மருந்து) என்று எழுதிவிடலாம். உள்ளே தங்கவைப்பதுதான் பாடு. 60 மில்லியில் 4 கிராம் மெசலமின், குடல் அழற்சியை அடக்கும் மருந்து. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்தெடுக்க வேண்டும். சில்லென்று போனால் குடல் இறுக்கிப் பிடித்து உடனே வெளியே தள்ளிவிடும். மலம் கழித்துவிட்டு வந்து, பாட்டிலைக் குலுக்கி, இடப்பக்கம் சாய்ந்து, இடக்காலை நீட்டி, வல முழங்காலை மடக்கி, மெல்லப் பிழிய வேண்டும். பெருங்குடலின் கடைசிப் பகுதி இடப்பக்கம்தான் இறங்குகிறது, மருந்து தானாக அங்கே ஓடும். பிடித்த பிடியை விடாமலே பாட்டிலை உருவ வேண்டும். தளர்த்தினால் மருந்து பாட்டிலுக்கே திரும்பிவிடும். அரை மணியாவது எழுந்திருக்கக் கூடாது. முதல் சில இரவுகள் பாதி கசிந்தால் ‘ஒத்துக்கல’ என்று பரணில் போட வேண்டாம் என்றும் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி.

1977இல் ஆசாத் கான், ட்ரூலவ் என்ற மருத்துவ ஆய்வாளர்கள் இந்நோய்க்கான பழைய மருந்தான சல்ஃபசலசினைப் பிரித்துப் பார்த்து, வேலை செய்வது மெசலமின் பகுதிதான் என்று கண்டதும் எனிமா கொடுத்துத்தான். அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

மருந்தகத்தாருக்கு: மெசலமின் மாத்திரையை உடைக்காதே, மெல்லாதே என்று ஒவ்வொரு முறையும் சொன்னதற்கு. மேல்பூச்சு போனால் மருந்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுப் போகும், புண்ணுக்கு மிஞ்சாது.

மருத்துவர்களுக்கு: பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை 40 மி.கி.யில் தொடங்கி வாரம் 5 மி.கி. குறைக்கும் அட்டவணையைக் கையால் எழுதித் தந்தீர்கள். ரத்தம் நின்றதும் பலர் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குள் உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், தலைசுற்றலும் சோர்வும் ஆளைச் சாய்க்கும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் வலிமாத்திரை வாங்கிப் போடாதே என்றதற்கும் நன்றி.

ஆய்வகத்தாருக்கு: நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அசத்தயோப்ரின் மருந்தைத் தொடங்கிய முதல் மாதம் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்த்தீர்கள். நூட்15 (NUDT15) என்ற மரபணுவில் மாற்றம் ஐரோப்பியரைவிட நம்மவரிடம் அதிகம். அது இருந்தால் இந்த மருந்தில் வெள்ளணுக்கள் சட்டென்று சரியும்.

நாளுக்கு 6 தடவையோ மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ நாடி 90க்கு மேலோ இருந்தால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதே, நேரே அவசரப் பிரிவுக்கு வா என்று சுவரில் ஒட்டியவருக்கும் நன்றி.

கடைசியாக, டோக்கன் கொடுக்கும் அண்ணனுக்கு. கழிப்பறைக்கு ஓடித் திரும்பும்வரை எங்கள் எண்ணைத் தாண்டவிடாமல் வைத்திருந்தீர்களே!