இருந்த இடத்திலேயே இருக்க விட்டதற்கு நன்றி

போர்ட் ஆல்பர்னியின் மக்லீன் மர அறுவை ஆலையைக் காத்த அன்பர்களுக்கு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், கனடாவின் வான்கூவர் தீவிலுள்ள உங்கள் ஊருக்கு என் மகளுடன் வந்திருந்தேன். 1912-இல் கட்டிய ரயில் நிலையத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு, 1929-இல் பால்ட்வின் நிறுவனம் செய்த ஏழாம் எண் நீராவி எஞ்சின் காட்டுக்குள் இருக்கும் உங்கள் ஆலைக்கு இழுத்துச் சென்றது. கரி படிந்த கையோடு என் மகளுக்குக் கையசைத்த எஞ்சின் ஓட்டுநருக்கு என் முதல் நன்றி.

என் தந்தை முப்பது ஆண்டுகள் சா மில்லில் பலகை தள்ளியவர். அந்த மில்லை மூடியபோது, காயலான் கடைக்காரர் இயந்திரங்களை எடை போட்டு வாங்கிப் போனார். தந்தை அன்று இரவு சாப்பிடவில்லை. ஆகவே, ஓர் ஆலையை அழியாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

ஆர். பி. மக்லீனும் அவருடைய மூன்று மகன்களும் 1926 முதல் 1965 வரை நடத்திய ஆலை அது. மூடிய பிறகும் அதைப் பிரித்து விற்காமல் விட்ட குடும்பத்துக்கும், 1989-இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கச் செய்தவர்களுக்கும் நன்றி. இயந்திரங்களை மட்டும் நகரத்து அருங்காட்சியகத்துக்குத் தூக்கிச் சென்றிருந்தால், அவை வெறும் இரும்பாகத்தான் நின்றிருக்கும். கிட்சுக்சிஸ் ஓடையைத் தடுத்துக் குளமாக்கியிருக்கிறார்கள். அதில் மிதக்கும் மரத்தடியைச் சங்கிலி மேலே இழுக்கிறது, ரம்பம் அறுக்கிறது, மிஞ்சும் மரக்கழிவே கொதிகலனுக்கு விறகு. அந்த ஆவிதான் மறுபடியும் ரம்பத்தைச் சுழற்றுகிறது. இந்தச் சுற்றை அங்கேயே நின்று பார்த்தால்தான் புரியும். என் மகள் பத்து நிமிடத்தில் புரிந்துகொண்டாள்.

ரம்பம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அறுப்பவர் விரல்களை நீட்டி அளவு சொல்ல, மரத்தடியோடு வண்டியில் போய் வந்துகொண்டிருந்தவர் அதைப் பார்த்து நெம்புகோலை இழுத்தார். இருவருக்கும் நரைத்த தலை. ஓய்வு பெற்ற பின், கூலி வாங்காமல் வந்து உழைக்கும் தொண்டர்கள் என்றார்கள். அந்த விரல் பாஷையை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வைக்க முடியாது. அதைக் கற்று வைத்திருந்ததற்காக அவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். கொதிகலன் அருகே வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அழுத்தமானியின் முள்ளிலிருந்து கண் எடுக்காமலேயே எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பெரியவருக்கும் நன்றி. பெல்ட்டுக்கும் கப்பிக்கும் எண்ணெய் விட்ட இளைஞரையும் மறக்கவில்லை.

புறப்படும்போது உங்களில் ஒருவர், டக்ளஸ் ஃபர் மரத்தின் ஒரு துண்டை என் மகளிடம் கொடுத்தார். சென்ற மாதம் அதை ஊருக்கு எடுத்துச் சென்று தந்தையிடம் நீட்டினேன். இப்போது அவருக்குப் பார்வை மங்கல். முதலில் முகர்ந்தார். பிறகு கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே வந்து, வளைந்து வளைந்து பதிந்திருந்த பல் தடத்தில் நிறுத்தினார்.

“வட்ட ரம்பம்” என்றார். “நல்லாத் தீட்டி வெச்சிருக்காங்க.”