குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு 11 முறை கூடியது. 142 வீடுகளில் 131 வீட்டார் சந்தாவை முழுமையாகச் செலுத்திவிட்டார்கள். சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய கணக்கும் படிவங்களும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நான்கு தெருவின் மழைநீர்க் கால்வாயும் தூர்வாரப்பட்டது. பொங்கல் விழாவை வழக்கம்போல் பிள்ளைகளே முன்னின்று நடத்தினார்கள், நன்றாக நடந்தது.

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்ததற்கு உறுப்பினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம்தான்: கண்காணிப்பு கேமராக்களின் பதிவுப் பெட்டி, நாம் எல்லோரும் டிவிஆர் என்று சொல்வது. அதைப் பற்றி முழுமையாகச் சொல்வது என் கடமை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் மூன்றாம் தெருப் பெரியவரின் ஸ்கூட்டர் வீட்டு வாசலிலிருந்து இரவில் திருடுபோனது. காலையில் அவரும் நானும் வாட்ச்மேன் அறைக்குப் போய் டிவிஆரைத் திறந்தோம். திரையில் எட்டு கேமராவும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. பழைய பதிவைத் தேடும் பக்கத்தில் ஒரு காலண்டர் வரும், பதிவு இருக்கும் நாள்களுக்கு மட்டும் அதில் குறி இருக்கும். ஆகஸ்டில் ஒரு குறியும் இல்லை. ஜூலை, ஜூன், மே என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தோம். கடைசியில் ஏப்ரல் 14 முதல் 19 வரை ஆறு நாளுக்கு மட்டும் குறி இருந்தது. ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். அன்றிலிருந்து நான்கு மாதமாக நம் நகரில் எதுவுமே பதிவாகவில்லை.

பெரியவர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “தம்பி, டிவியில எல்லாம் தெரியுதே, அப்புறம் ஏன் பதிவு இல்லைங்கிறீங்க?”

நாம் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். கேமரா அனுப்பும் படத்தைத் திரையில் காட்டுவது ஒரு வேலை, அதையே சுருக்கி ஹார்ட் டிஸ்கில் எழுதுவது வேறொரு வேலை. டிஸ்க் செத்துப்போனாலும் திரையில் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் தினமும் அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஒரு நாள்கூட முந்தைய நாள் பதிவைத் திறந்து பார்க்கவில்லை. செயலாளர் என்ற முறையில் அந்தத் தவறு என்னுடையது. பெரியவரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன், இங்கும் தெரிவிக்கிறேன். ஸ்கூட்டர் இதுவரை கிடைக்கவில்லை.

டிஸ்க் ஏன் போனது என்று தெரிந்துகொள்ளப் பெட்டியைத் திறந்தோம். வாட்ச்மேன் அறை மாடிப்படிக்குக் கீழே, காற்றுக்கு ஒரு துளைகூட இல்லாத இரும்புப் பெட்டி. உள்ளே மின்விசிறி இதழ்களில் விரல் கனத்துக்குத் தூசி, மூலையில் இரண்டு பல்லி முட்டைகள். கத்திரி வெயிலில் அந்த இரும்பு எவ்வளவு கொதித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்த யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் டிஸ்க் எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே நின்றிருக்கிறது. மேசைக் கணினிக்கான சாதாரண டிஸ்க் அது. இரவு பகலாக ஓய்வில்லாமல் எழுதும் வேலைக்கு ஆனதில்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. டிஸ்கில் பழுது வந்தால் டிவிஆர் பீப் பீப் என்று கத்தும். நம்முடையதும் கத்தியிருக்கிறது. இரவில் தூக்கம் கெடுகிறது என்று வாட்ச்மேன் அண்ணன் சொல்ல, பராமரிப்புக்கு வந்தவர் மெனுவுக்குள் போய் அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். வாட்ச்மேன் அண்ணன்மீது குற்றம் இல்லை. அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

செப்டம்பர் 29 சிறப்புக் கூட்டத்தில் இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒன்று, எல்லாவற்றையும் மாற்றி கணினி வலை வழியே படம் அனுப்பும் ஐபி கேமராக்களும், அவற்றுக்கான பதிவுப் பெட்டியான என்விஆரும் போடுவது. அதற்கு வந்த விலைப்புள்ளி 1,12,000 ரூபாய். இன்னொன்று, கேமராக்களை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றுவது. இளைய உறுப்பினர்கள் பலர் முதல் வழியை விரும்பினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு, ஐபி கேமராவில் படம் இன்னும் தெளிவு. ஆனால் அதற்குப் போடும் கேட்6 என்ற கணினி வலைக் கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரைதான். அதைத் தாண்டினால் நடுவில் சுவிட்ச் என்ற வலை இணைப்புப் பெட்டி, அதற்கொரு மின் இணைப்பு, மழை படாத பெட்டி எல்லாம் வேண்டும். நம்மிடம் ஏற்கெனவே நான்கு தெருவிலும் குழாய்க்குள் டிவி கேபிள் போன்ற கோஆக்சியல் கேபிள் ஓடுகிறது. நல்ல கேபிளாக இருந்தால் அது 200 மீட்டருக்கு மேலும் தாங்கும். எட்டு கேமராவும் 2 மெகாபிக்சல், எல்லாம் நன்றாகவே இருந்தன. அதோடு, நம்மிடம் உள்ள கோஆக்சியல் வகையில் படத்தைச் சுருக்குவது கேமரா இல்லை, டிவிஆர்தான். பெட்டியை மட்டும் புதிதாக வாங்கினாலே பழைய கேமராக்களின் படமும் எச்.265 முறையில் சுருங்கும். பழைய எச்.264 முறையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி இடம் போதும். இதைக் கேட்ட பிறகு கூட்டம் இரண்டாவது வழிக்கு ஒப்புக்கொண்டது.

வாங்குவதற்காக நானும் பொருளாளரும் மூன்று முறை சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கும் உதவும். அட்டைப்பெட்டியில் 1080 (படத்தின் உயரத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) என்று இருந்தால் மட்டும் போதாது. சில மலிவான பெட்டிகள் 1080 லைட், அல்லது 1080என் என்ற அளவில்தான் பதிவு செய்கின்றன. 1920 புள்ளி இருக்க வேண்டிய அகலத்தில் பாதிதான் பதிவாகும், உயரம் மட்டும் முழுதாக இருக்கும். திரையில் பார்க்கும்போது குறை தெரியாது. வண்டி எண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் 3-ஆ 8-ஆ என்று புரியாமல் நிற்போம். ஆகவே எல்லாச் சேனலிலும் (ஒரு கேமராவுக்கான இணைப்பு ஒரு சேனல்) முழு 1080 அளவில், நொடிக்கு 15 படமாவது பதிவாகுமா என்று விவரத்தாளில் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தோம். டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று கேமராக்கள் பல வகை. மூன்றையும் ஏற்கும் பெட்டியாக, 16 சேனல், இரண்டு டிஸ்க் போடும் இடத்தோடு எடுத்தோம்.

டிஸ்க் எவ்வளவு வேண்டும் என்பதை இந்த முறை கணக்குப் போட்டே முடிவு செய்தோம். பதிவாகும் தரவின் அளவை நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தால் ஒரு கேமரா ஒரு நாளில் 10.8 ஜிபி எழுதும். புதிதாகச் சேர்த்த மூன்றோடு நமக்கு 11 கேமரா. வாசல் கேமராவுக்கு மட்டும் வண்டி எண் தெரிய வேண்டும் என்று 2 மெகாபிட் கொடுத்தோம். ஆக ஒரு நாளைக்கு 129.6 ஜிபி. 4 டிபி டிஸ்கில் 30 நாள் நிற்கும். பழைய பெட்டியில் 1 டிபி டிஸ்க், எட்டு கேமராவும் 2 மெகாபிட், அதனால் ஆறு நாள் பதிவுகூட முழுதாக நிற்காது. ஒரு மாதம் இருக்கிறது என்று இத்தனை ஆண்டும் நம்பிக்கொண்டிருந்தோம்.

கண்காணிப்புக்கென்றே செய்யப்படும் டிஸ்குகள் தனியாக உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் எல்லாம் அந்த வகை. முதலில் ஒரு கடையில் விலை குறைவாகக் கிடைத்தது. டிவிஆரில் மாட்டி, டிஸ்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட் என்ற பக்கத்தைத் திறந்தால் அந்த டிஸ்க் ஏற்கெனவே 20,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. இரண்டே கால் ஆண்டு உழைத்த டிஸ்குக்குப் புது உறை போட்டிருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு, பில்லும் உத்தரவாதமும் உள்ள புதியதை வேறு இடத்தில் வாங்கினோம். டிஸ்க் வாங்கும் யாரும் அந்த மணிக்கணக்கை முதலில் பாருங்கள்.

நவம்பரில் புதிய பெட்டி ஓடத் தொடங்கியது. ஆனால் நான்காம் தெருக் கோடியில் உள்ள ஆறாம் கேமரா பழைய தொல்லையை விடவில்லை. பகல் முழுவதும் நன்றாக இருக்கும், மாலை ஆறரைக்கு மேல் வீடியோ லாஸ் (படம் வரவில்லை) என்று திரை கறுத்துவிடும், விடிந்தால் தானாக வந்துவிடும். இதற்காகவே முன்பு இரண்டு முறை கேமராவை மாற்றியிருக்கிறோம். இந்த முறை வந்த எலக்ட்ரீஷியன் தம்பி கேமராவைத் தொடவே இல்லை. ஏணியில் ஏறி மல்டிமீட்டரை வைத்தார். பகலில் 10.8 வோல்ட் காட்டியது. இருட்டும் வரை காத்திருந்து மறுபடி வைத்தார், 9.3. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், கேமரா இழுக்கும் மின்சாரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். 90 மீட்டர் தூரம் மெல்லிய கம்பியில் வரும் 12 வோல்ட் வழியிலேயே தேய்ந்துபோகிறது, கேமரா அணைந்துவிடுகிறது. கோடி வீட்டு அம்மாவிடம் கேட்டோம். தங்கள் வீட்டு பிளக்கிலிருந்தே தனி அடாப்டர் கொடுத்துவிட்டார்கள். மாதத்துக்கு நாலு யூனிட்கூட ஆகாது என்று சொல்லி, சங்கம் கொடுக்க முன்வந்த பணத்தையும் வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு இந்தச் சபையின் நன்றி. அன்றிலிருந்து ஆறாம் கேமரா ஒரு இரவும் அணையவில்லை.

ஜனவரியில் வாசலில் ஒரு விபத்து நடந்தது. காலை 6.40 மணி. பதிவைத் தேடினால் அந்த நேரத்தில் வெறும் இருட்டுத் தெரு. பதறிப்போய்ப் பார்த்தால் விபத்து 9.10 மணிப் பதிவில் இருந்தது. டிசம்பரில் இணையத்திலிருந்து தானாக நேரம் எடுக்கும் என்டிபி வசதியை நான்தான் இயக்கினேன். நேர மண்டலம் தொழிற்சாலையில் வைத்தபடி, உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் உள்ள சீன நேரத்திலேயே இருந்ததைக் கவனிக்கவில்லை. நம்முடையது ஐந்தரை மணி நேரம்தான் முன்னால். அதனால் இரண்டரை மணி நேரம் தள்ளிப்போயிருக்கிறது. இப்போது சரி செய்தாகிவிட்டது. நல்லவேளையாகப் பதிவு பத்திரமாக இருந்தது, காயம்பட்டவர் தரப்புக்கு உதவியது.

அந்தப் பதிவைக் காவல் நிலையத்தில் கொடுத்தபோது ஒன்று தெரிந்தது. 2024 ஜூலை 1 முதல் மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பது பற்றிய பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு போய், பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு வந்திருக்கிறது. பெட்டிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் எழுதிக் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் கைரேகை போன்ற குறியீடான ஹாஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். நேரம் தவறாக இருந்ததையும் அதில் மறைக்காமல் எழுதினோம். இனி யாருக்காவது பதிவு தேவைப்பட்டால் முதல் நாளே சொல்லுங்கள். 30 நாள் ஆனால் பழையதன் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும்.

கடவுச்சொல் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பெட்டியில் தொழிற்சாலை கொடுத்ததே கடைசி வரை இருந்தது, வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்கள் ஒரே நாளில் முடங்கின. அதற்குக் காரணமான மிராய் என்ற தீநிரல் இப்படித் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு கிடந்த டிவிஆர்களிலும் கேமராக்களிலும் புகுந்துதான் அவற்றைத் தன் படையாக்கிக்கொண்டது. நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் நடக்கும் தெருவின் படம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. இப்போது கடவுச்சொல்லை மாற்றி, முத்திரையிட்ட உறையில் தலைவரிடமும் பொருளாளரிடமும் கொடுத்திருக்கிறோம். கைப்பேசியில் பார்க்கும் அனுமதி மூவருக்கு மட்டும், அதுவும் பார்க்கத்தான், மாற்ற முடியாது. நான்காம் கேமராவில் ஒரு வீட்டின் ஜன்னல் தெரிகிறது என்று அந்த வீட்டுச் சகோதரி சொன்னது முற்றிலும் நியாயம். அந்தப் பகுதியை மறைத்துவிட்டோம், இனிப் பதிவிலும் தெரியாது.

செலவு: டிவிஆர் 9,500, டிஸ்க் 9,800, மூன்று கேமரா 5,400, யுபிஎஸ் 4,200, கேபிள், இணைப்புப் பின்கள், கூலி எல்லாம் சேர்ந்து 6,100. மொத்தம் 35,000 ரூபாய். பில்கள் பொருளாளரிடம் உள்ளன, யாரும் பார்க்கலாம். இரும்புப் பெட்டியின் இரு பக்கமும் துளையிட்டு வலை அடித்ததற்குப் பட்டறைக்காரர் கூலி வாங்கவில்லை. 2025 ஏப்ரல் 9 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் கண்காணிப்பு கேமராக்கள் அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருப்பதால், அடுத்து வாங்குபவற்றில் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குவோம்.

பீப் சத்தம் மீண்டும் இயக்கப்பட்டிருக்கிறது. அது கேட்டால் எந்த நேரமானாலும் வாட்ச்மேன் அண்ணன் என்னை அழைப்பார். ஞாயிறுதோறும் காலையில் ஒரு தெருவிலிருந்து இருவர் வந்து, எல்லா கேமராவிலும் முந்தைய இரவு 2 மணிப் பதிவைத் திறந்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும், நேரத்தைக் கைப்பேசியோடு ஒப்பிட வேண்டும், டிஸ்க் நிலையைப் பார்த்து நோட்டில் கையெழுத்திட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட வேலை. பிப்ரவரியிலிருந்து இது ஒரு வாரமும் தவறவில்லை, தவறாமல் வந்து பார்ப்பவர்களில் அந்த மூன்றாம் தெருப் பெரியவரும் ஒருவர்.

அடுத்த ஞாயிறு, மே 25, இரண்டாம் தெருவின் முறை. சாவியும் நோட்டும் வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கின்றன.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்
2025 மே 18