பீரங்கி முழக்கம் இசையாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்த கார்கில் வெற்றி நாள் சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். டோலோலிங், டைகர் ஹில், திராஸ் என்று ஊர்ப் பெயர், மலைப் பெயர் எல்லாம் பிழையில்லாமல் வந்திருந்தன. அதுவே பெரிய விஷயம். ஆனால் நான்காவது பத்தியில், "போஃபர்ஸ் பீரங்கிகளின் முழக்கம் நம் வீரர்களின் காதுகளில் இசையாக ஒலித்தது" என்று ஒரு வரி. மூன்று முறை படித்தேன். அப்புறம் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மொட்டை மாடியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் அந்தப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவன் ஐயா. 1986இல் பட்டாளத்தில் சேர்ந்து, நாசிக் ரோடில் பயிற்சி முடித்து, 24 வருடம் பீரங்கிப் படையில் இருந்து ஹவில்தாராக ஊர் திரும்பியவன். 1999 ஜூன், ஜூலையில் திராஸ் பக்கம் இருந்தேன். கச்சேரி எப்படி இருந்தது என்று நானே சொல்கிறேன்.

ஒரு குண்டு நாற்பது கிலோவுக்கு மேல். கால் நிமிடத்துக்குள் மூன்று போகும். சத்தத்தைக் காது வாங்குவதற்கு முன்னால் நெஞ்சு வாங்கிவிடும். பல் கூசும். கீழே வைத்த டீ டம்ளர் தானாக நகரும். காதில் பஞ்சுதான். இரண்டு ரவுண்டில் அது விழுந்துவிடும், குனிந்து தேட நேரம் இருக்காது. ரப்பர் அடைப்பான் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். பயிற்சி மைதானத்தில் போட்டுக்கொண்டோம். போரில் எப்படிப் போடுவது? எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று எண் எண்ணாக வயர்லெஸ்ஸில் உத்தரவு வரும். ஒரு எண்ணைத் தப்பாகக் கேட்டால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் நம் காலாட்படைப் பையன்கள் தலையில் விழும். எதிரியின் குண்டு விசிலடித்துக்கொண்டு வருவதையும் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கழுதை காதை அடைப்பான்?

அந்தப் போரில் நம் பீரங்கிப் படை சுட்டது மொத்தம் இரண்டரை லட்சம் குண்டுகளுக்கு மேல் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல, தங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் பக்கத்தில் ஆறேழு பேர் நின்றிருப்பார்களே என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

தீபாவளி வந்தால் பட்டாசுச் சத்தத்துக்கு நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல்தான் வரம்பு என்று வருடா வருடம் எழுதுகிறீர்கள். தெருநாய்கள் மிரளுவதற்குப் படத்தோடு ஒரு பெட்டிச் செய்தி. நல்லது, நாயும் உயிர்தானே. பெரிய பீரங்கியின் பக்கத்தில் நிற்பவன் வாங்குவது 180 டெசிபல் பக்கம். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் சக்தி பத்து மடங்கு என்று தங்கள் அறிவியல் பகுதியில்தான் படித்தேன். உள்காதில் இருக்கும் மயிர்போன்ற செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை என்பதையும் அங்கேதான் படித்தேன். போன மார்கழியில் சபாவில் மைக் சத்தம் அதிகம், காது வலித்தது என்று உங்கள் இசை விமர்சகர் அரைப் பக்கம் புலம்பியிருந்தார். அவரைத் தயவுசெய்து ஒரு நாள் திராஸுக்கு அனுப்பி வையுங்கள்.

போஃபர்ஸ் என்றாலே உங்களுக்கெல்லாம் 1987இல் கிளம்பிய பீரங்கி பேர ஊழல் புகார்தான். 64 கோடி கமிஷன், ஸ்வீடன் வானொலி, யார் வாங்கினார்கள், யார் மறைத்தார்கள் என்று எத்தனை அட்டைப்படம்! அந்தப் பீரங்கியைப் பற்றிச் சிந்திய மையில் ஒரு சொட்டு, அதை இயக்கியவன் காதுக்குக் கிடைக்கவில்லை.

என் தப்பும் இதில் உண்டு, மறைக்கவில்லை. பட்டாளத்தில் காதுப் பரிசோதனை எப்படி நடக்கும் தெரியுமா? இருபதடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். டாக்டர் கிசுகிசுப்பாக ஒரு எண் சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் போன பையன் வெளியே வரும்போதே "சியாசட், நின்யானவே" என்று இந்தியில் அறுபத்தாறையும் தொண்ணூற்றொன்பதையும் காதில் போட்டுவிட்டுப் போனான். நான் கேட்காமலே ஒப்பித்தேன். காது மட்டம் என்று எழுதிவிட்டால் மருத்துவத் தகுதி இறங்கும், ஹவில்தார் பதவி போகும். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

2010இல் வெளியே வரும்போது மிஷின் வைத்துப் பார்த்தார்கள். வண்டவாளம் வெளியே வந்தது. ஆனால் ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே, அதுவும் "பணியால் விளைந்ததல்ல, பணியால் அதிகரித்ததுமல்ல" என்று தாளில் வந்தது. அதாவது, ஊன ஓய்வூதியம் கிடையாது. வாய்மொழியாக ஒருவர் விளக்கினார்: வயசானா காது மந்தமாகும்தானே. அப்போது எனக்கு 42 வயது. சேரும்போது இல்லாத கோளாறு பணியில் வந்தால், அது பணியால் வந்ததாகத்தான் முதலில் கருத வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2013இல். அது எனக்குத் தெரியவந்தபோது நான் ஒரு வங்கி வாசலில் செக்யூரிட்டி.

அமெரிக்காவைப் பாருங்கள் என்று சொல்ல எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன். அங்கே முன்னாள் படைவீரர்கள் ஊன இழப்பீடு வாங்குவதில் முதலிடமே காது இரைச்சலுக்குத்தான். வீரர்களுக்கு விற்ற காதடைப்பான் சரியாகப் பொருந்தவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அதை விற்ற 3எம் நிறுவனம் தப்பை ஒப்புக்கொள்ளாமலேயே 2023இல் 600 கோடி டாலர் தர இசைந்தது. அவர்களுக்கு ஓட்டை அடைப்பான், எங்களுக்குப் பஞ்சு. பஞ்சு மேல் யார் வழக்குப் போடுவது?

என் அப்பாவும் பீரங்கிப் படைதான், 71 போரில் இருந்தவர். டிரான்சிஸ்டரைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு செய்தி கேட்பார். ஊரில் "செவிட்டு மிலிட்டரி" என்றுதான் பெயர். உங்கள் இதழிலும் முன்பு அப்படி ஒரு மிலிட்டரி மாமா ஜோக் வாராவாரம் வந்தது. மீசை, கேன்டீன் பாட்டில், காதில் கையை வைத்து "என்ன?" என்று ஒரு கேள்வி. அப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரிப்பார். எனக்கு அப்போது புரியவில்லை. மிலிட்டரிக்காரன் ஏன் எப்போதும் கத்திப் பேசுகிறான் என்று இப்போது புரிகிறது. அவன் குரல் அவனுக்கே கேட்பதில்லை.

போன மாதம் வீட்டுக்காரி "காய் வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் கோரைப்பாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். காது மெஷின் இருக்கிறது. கல்யாண வீட்டில் போட்டால் மேளமும் மிக்ஸியும் ஒன்றாகத்தான் வரும். சத்தம் கேட்கும் ஐயா, சொல்தான் கேட்காது. பேத்தியின் கீச்சுக்குரலில் பாதி எழுத்து எனக்கு வருவதேயில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு காதுக்குள் சுவர்க்கோழி ஒன்று கத்தும். 1999 ஜூலையில் ஆரம்பித்தது, இன்னும் நிறுத்தவில்லை. நீங்கள் எழுதிய இசை அதுவாக இருந்தால், கட்டுரை சரிதான்.

இதையெல்லாம் சொல்லத் தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் ஏதோ கேட்டார். மூன்று தடவை "என்னம்மா?" என்றேன். "சார், கத்தாதீங்க" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. வைத்துவிட்டார். அந்தப் பிள்ளை மேல் எனக்கு வருத்தமில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டுரையைப் புத்தகமாகப் போடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். இடம் இருந்தால், பட்டாளத்தில் இருக்கும் பையன்கள் வருடத்துக்கு ஒருமுறை மிஷின் வைத்துக் காதை அளக்கும் ஆடியோகிராம் எடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும், கிசுகிசுப்புப் பரிசோதனையில் என்னைப் போல் ஒப்பிக்க வேண்டாம் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

பதில் சொல்வதானால் கடிதமாக எழுதுங்கள். போன் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் ஹவில்தார், பீரங்கிப் படை
வேலூர் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)