கதவைச் சாத்திக்கொண்டு படிக்காதே, பாப்பா

அன்புள்ள தேனுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கான்பூர் குளிர், மெஸ் சாப்பாடு, ஸ்வெட்டர் போதுமா என்பதையெல்லாம் அப்பா கேட்டுக்கொள்வார். எனக்கு வேறு விஷயம் இருக்கிறது.

கணக்குப் பாடத்தின் மிட்செம்மில், அதாவது செமஸ்டர் நடுவில் வைக்கிற பரீட்சையில், நாற்பதுக்குப் பதின்மூன்று என்றாய். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்கு அடுத்ததாகச் சொன்னாயே, "இனிமே ரூமை விட்டே வெளிய வரப் போறதில்ல, இன்னும் நாலு மணி நேரம் கூடப் படிக்கப் போறேன்" என்று, அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் இதே விஷயத்தை வருஷக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார். அவர் எழுதிய கட்டுரையை இந்த வாரம் எடுத்து மறுபடி படித்தேன்.

அவர் பெயர் யூரி ட்ரைஸ்மன். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தார். அங்கே முதலாம் ஆண்டு கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்களில் பாதிக்கு மேல் தேறாமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் இப்படி என்று ஆசிரியர்களிடம் கேட்டார். எல்லோரிடமும் பதில் தயாராக இருந்தது: ஆர்வம் இல்லை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை. நம் ஊர் ஸ்டாஃப் ரூமில் கேட்டாலும் இதே நாலும் இதே வரிசையில் வரும், நான் கேட்டிருக்கிறேன்.

மனுஷன் அந்தப் பதில்களோடு நிற்கவில்லை. இருபது கறுப்பின மாணவர்கள், இருபது சீன வம்சாவளி மாணவர்கள் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார், வீடியோவும் எடுத்தார். அந்த நாலு காரணமும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களில் பலர் தங்கள் பள்ளியில் முதலிடம் வாங்கி வந்தவர்கள். இந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் என்று, அது பிறப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்த குடும்பங்களும் உண்டு. ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படி என்று கல்லூரி சொன்னது. அவர்களும் அப்படியே வாரத்துக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தார்கள். ஆனால் கிட்டத்தட்ட எல்லோருமே தனியாக. வகுப்பு, நோட்ஸ், ரூம், வீட்டுக்கணக்கு, அவ்வளவுதான். சிநேகிதம் வேறு, படிப்பு வேறு என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

சீனப் பிள்ளைகள் வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் போலப் படித்தார்கள். எட்டு பத்து மணி நேரம் தனியாகப் படித்துவிட்டு, மீதி நேரத்தில் கூடி உட்கார்ந்தார்கள். சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஒருத்தர் போட்ட கணக்கை இன்னொருத்தர் திருத்துவார்கள், எழுதிய இங்கிலீஷையும் சேர்த்து. அண்ணனோ பெரியப்பா மகனோ வந்து கேள்வி கேட்டு மடக்குவார். பழைய வினாத்தாள்களை லைப்ரரியிலிருந்து எடுத்து வந்து போட்டுப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் ஒரு விடை, மற்ற எல்லோருக்கும் வேறு விடை என்றால், நான்தான் எங்கோ தடுக்கியிருக்கிறேன் என்று அப்போதே தெரிந்துவிடும். யாருக்குமே வரவில்லையென்றால், கணக்கே கஷ்டம் என்று தெரிந்துவிடும். இந்த இரண்டாவதைக் கவனி. தனியாக உட்கார்ந்திருப்பவளுக்கு இரண்டு சந்தர்ப்பத்திலும் ஒரே மாதிரிதான் தோன்றும்: எனக்கு மூளை இல்லை.

படித்தபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது இன்னொரு இடத்தில்தான். அந்தப் பிள்ளைகள் ஏன் தனியாகப் படித்தார்கள் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் அவர்களை ஜெயிக்க வைத்ததே அதுதான். சுற்றியிருப்பவர்கள் படிக்காத இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டவர்தான் மேலே வர முடிந்தது. நீ பிளஸ் டூ படித்தபோது பக்கத்து வீட்டு டிவி, திருவிழா மைக் செட், அத்தை வீட்டுக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே உள் ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தாய். அன்றைக்கு அது சரி. இப்போது உன்னைச் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் அதே மாதிரி தாழ்ப்பாள் போட்டுப் படித்து வந்தவர்கள்தானே, அங்கே எதற்குத் தாழ்ப்பாள்?

ட்ரைஸ்மன் அதோடு விடவில்லை. பெர்க்லியில் ஏற்கெனவே உதவி வகுப்புகள் இருந்தன. அவை தேவைப்பட்டவர்கள் வரவில்லை. பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் "தேறாதவர்களுக்கான வகுப்பு" என்ற போர்டைப் பார்த்து உள்ளே போவானா? நம் பள்ளிகளில் "மெல்லக் கற்போர்" என்று பட்டியல் போட்டு, பெயர் வாசித்து, சாயங்காலம் தனியாக உட்கார வைப்போமே, அந்த வரிசையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. அவர் அதைத் தலைகீழாக்கினார். 1978இல் தொடங்கிய அவருடைய பயிற்சி, நன்றாகப் படிப்பவர்களுக்கான கூடுதல் வகுப்பு என்றே அழைப்பு விடுத்தது. சுலபமான கணக்கு கிடையாது. வகுப்பில் கொடுப்பதைவிடக் கஷ்டமானதாகப் பார்த்துக் கொடுத்தார். குழுவாக உட்கார்ந்து மோதிப் பார்க்க வேண்டும். தேறாமல் போய்க்கொண்டிருந்த அதே மாதிரிப் பிள்ளைகள் நல்ல கிரேடு வாங்கினார்கள். பிறகு பல பல்கலைக்கழகங்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டன. நாற்பது பேரைப் பார்த்துச் சொன்னதுதானே என்று நீ கேட்பாய். நானும் கேட்டிருப்பேன். பின்னால் வேறு ஊர்களிலும் பலித்ததால்தான் நம்புகிறேன்.

"எல்லாரும் என்னைவிடப் புத்திசாலிங்க, நான் இங்க வந்ததே தப்பு" என்றும் சொன்னாய். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்று இரண்டு உளவியல்காரர்கள் 2011இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களை உட்கார வைத்து, "எங்களுக்கும் முதலில் இது நம்ம இடம் இல்லை என்றுதான் தோன்றியது, போகப் போகச் சரியாகிவிட்டது" என்று சீனியர்கள் சொன்னதைப் படிக்கக் கொடுத்தார்கள். அப்புறம், தங்கள் அனுபவத்தில் அது எப்படி என்று எழுதச் சொன்னார்கள். மொத்தமே ஒரு மணி நேரம். அடுத்த மூன்று வருஷத்தில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஒரு மணி நேரத்தில் இவ்வளவா என்று எனக்கே சந்தேகம்தான். எல்லாக் கல்லூரியிலும் அதே அளவுக்குப் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உன் சீனியர்களில் ஒருத்தியிடம், அவளுடைய முதல் மிட்செம் மார்க் என்ன என்று கேட்டுப் பாரேன். செலவா என்ன?

நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் என்றாய், அதற்கும் ஒரு வார்த்தை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்று இரண்டு உளவியல்காரர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதை நாலு தடவை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் நாலு தடவை படித்தவர்கள்தான் முன்னே. ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நிறைய ஞாபகம் இருக்கும் என்று அதிகமாக நம்பியவர்களும் அந்த நாலு தடவைக் கூட்டம்தான்! எல்லா பேட்ச்சிலும் இப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன், பரீட்சை ஹாலில் பேந்தப் பேந்த விழிப்பார்கள். தேற்றத்தை ஒரு முறை படி, நோட்டை மூடு, நிரூபணத்தை எழுது. மாட்டிக்கொள்கிற வரியைத்தான் மறுபடி படிக்க வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி அம்மா சொன்னால் கேட்க மாட்டாய். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 88 மாணவர்களின் கையில் ஃபிட்பிட் என்கிற, தூக்கத்தை அளக்கும் பட்டையைக் கட்டி ஒரு செமஸ்டர் முழுக்கப் பார்த்தார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரித் தூக்கத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே தெரியவில்லை. அந்தப் பாடம் நடந்த வாரங்களில் ஒழுங்காகத் தூங்கியவர்களுக்குத்தான் மார்க் கூடியிருந்தது. தூக்கம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, அந்த வித்தியாசம் உனக்குத் தெரியும். ஆனாலும் விடிய விடிய விழித்துவிட்டு, "எக்ஸாமுக்கு முந்தின நாள் நல்லாத் தூங்கிடுவேம்மா" என்கிற கணக்கு செல்லாது.

இந்தி வரவில்லை, அதனால் யாரோடும் உட்கார முடியவில்லை என்கிறாய். பக்கத்து ரூம் ஒடிசாப் பெண்ணுக்கு மட்டும் அது தாய்மொழியா? வியாழக்கிழமை அசைன்மென்ட் வந்ததும் முதலில் நீ தனியாகப் போடு, இது முக்கியம், வெறுங்கையோடு போனால் அது காப்பியடிப்பது. அப்புறம் தாளை எடுத்துக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டு. "மூணாவதுக்கு உனக்கு என்ன வந்தது?" என்று கேட்கிற அளவுக்கு இங்கிலீஷ் இரண்டு பேரிடமும் இருக்கிறது. சனிக்கிழமை மெஸ்ஸில் ஒரு மேசையைப் பிடித்து நாலு பேராக உட்காருங்கள். அதில் ஒருத்தியாவது உன்னைவிட நன்றாகப் போடுபவளாக இருக்கட்டும்.

நீ வாட்ஸாப்பில் போட்ட வினாத்தாளில் சைன் எக்ஸ் ஸ்கொயர் கணக்கை (ஸ்கொயர் எக்ஸுக்குத்தான், சைனுக்கு இல்லை) நானும் போட்டுப் பார்த்தேன். முழு மெய்யெண் கோட்டிலும் அது சீரான தொடர்ச்சி உடையது அல்ல என்றுதான் எனக்கு வந்தது. இரண்டு தொடர்முறை எடுத்துக் காட்டினேன், அரைப் பக்கத்தில் முடிந்தது. உனக்கு என்ன வந்தது, அந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது, இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா